பதினோராம் கேள்வி

நோயாளிகளுக்குள்ளேயே ஆள் பொறுக்குகிற தொழில் ஒன்று இருக்கிறது. அதில் கெட்டிக்காரன் என்று பெயரெடுத்தவனுக்குச் சோறு இறங்காது.

நான் பெயரெடுத்தவன். யுத்தம் முடிவதற்கு முந்திய இரண்டு வருடம், கல்முனைப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில், மூளைக்காய்ச்சல் ஆராய்ச்சிக்கு நோயாளிகளைத் தேர்ந்தெடுக்கிற உதவியாளனாக இருந்தேன். டொக்டரும் இல்லை, நேர்ஸும் இல்லை. கழுத்தில் ஓர் அட்டை, கையில் ஒரு படிவம், சட்டைப்பையில் நீலப் பேனா ஒன்று, சிவப்புப் பேனா ஒன்று. காய்ச்சலோடு வந்து, நினைவு தடுமாறியோ வலிப்பு வந்தோ கழுத்து விறைத்தோ கிடப்பவர்கள்தான் எங்களுக்கு வேண்டியவர்கள். அவர்களின் முதுகில் ஊசி விட்டு டொக்டர் கொஞ்சம் நீர் எடுப்பார். அதில் ஒரு பங்கு ஆஸ்பத்திரிக்கு, ஒரு பங்கு ஐஸ் பெட்டியில் கொழும்புக்கு. என்ன கிருமி என்று கொழும்பு சொல்லும். படிவத்தில் பதினான்கு கேள்வி. பதினான்குக்கும் பொருந்திய விடை வந்தால் நீலப் பேனாவால் பெயர் எழுதுவேன். ஒன்று பிசகினாலும் சிவப்புப் பேனாவால் குறுக்கே ஒரு கோடு.

என்னை இந்த வேலைக்கு எடுத்ததற்குக் காரணம், சுனாமிக்குப் பிறகு நிவாரணப் பட்டியல் எழுதிய அனுபவம். ஒரே குடும்பம் இரண்டு இடத்தில் சாமான் வாங்குவதைக் கண்டுபிடித்து வெட்டுவதில் நான் விண்ணன். நேர்முகப் பரீட்சையில் அதைப் பெருமையாகவே சொன்னேன்.

படிவம் நிரப்பி அலுத்தவர்களே, படிவத்துக்குப் பதில் சொல்லி அலுத்தவர்களே, இந்தக் கரையில் இரண்டில் ஒன்றாக இல்லாதவர் யார்? உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். ஸஹ்றா என்கிற ஆறு வயதுப் பிள்ளையைப் பற்றிச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். நான் எழுதிய ஒரே ஒரு சொல் அந்தப் பிள்ளையைக் கொல்லப் பார்த்தது. ஆனால் அந்தச் சொல் என் படிவத்துக்குள் எப்படி வந்தது என்று விளங்க வேண்டுமானால், முதலில் மற்றவர்களின் கதையையும் கொஞ்சம் கேட்க வேண்டும்.

காலுக்கு எப்போது?

முதல் கிழமையிலேயே ஆஸ்பத்திரி முழுக்க எனக்கு ‘லிஸ்ட் தம்பி’ என்று பெயர் விழுந்துவிட்டது. சுனாமி வந்து வருடங்கள் போயும், கழுத்தில் அட்டை தொங்கவிட்ட ஒருவன் படிவத்தோடு நடந்தால் எங்கள் ஆட்களின் கால் தன்பாட்டில் எழும்பி வரிசையில் நிற்கும். படிவம் என்றால் கொட்டிலுக்கு மேலே போடத் தறப்பாள், படிவம் என்றால் பானை சட்டி, படிவம் என்றால் வீடு. இது காய்ச்சல் ஆராய்ச்சி என்று தொண்டை வற்றச் சொன்னாலும், “அது சரி தம்பி, எங்கட பேரையும் ஒருக்காப் போட்டு வையுங்க” என்பார்கள்.

பெரியநீலாவணையிலிருந்து வந்த மீன்பிடிகாரர் ஒருவர் பக்கத்து வாட்டில் கிடந்தார். சீனி வருத்தம் என்கிற நீரிழிவு, காலில் ஆறாத புண், காலை எடுக்க வேண்டும் என்று டொக்டர் சொல்லியிருந்தார். மூன்று நாளாக ஒரு நேரம் பிசகாமல் நொண்டி நொண்டி வந்து என் மேசைக்கு முன்னால் நின்றார். “ஐயா, இது மூளையில் வருத்தம் உள்ள ஆட்களுக்கு” என்று நாலாம் நாளும் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. வள்ளமும் போய் வலையும் போய், எத்தனையோ வரிசைகளில் கடைசி ஆளாக நின்று பழகிய மனிதர். மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நிதானமாகச் சொன்னார்: “சரி தம்பி, இப்ப மூளைக்கு எழுதுறயள். காலுக்கு எப்ப எழுத வருவயள் எண்டு சொன்னா, அதுவரைக்கும் இந்தக் கால வெட்டாம வெச்சிருக்கச் சொல்லி டொக்டரிட்டக் கேப்பன்.”

எத்தனை ‘ஓம்’ வேண்டும்?

நாவிதன்வெளிப் பக்கம் வயல் செய்கிற காக்கா ஒருவர், காய்ச்சலில் இருந்த மனைவியைக் கூட்டி வந்தார். காக்கா என்றால் எங்களுக்கு அண்ணன். அந்தப் பெண் கட்டிலில் கண்ணை மூடிக் கிடக்க, நான் படிவத்தைத் தொடங்கினேன், காக்கா பதில் சொன்னார். நினைவு தடுமாறியதா? ஓம். வலிப்பு வந்ததா? ஓம். கழுத்து விறைத்ததா? ஓம். வெளிச்சத்தைப் பார்க்கக் கூசுகிறதா? ஓம், ஓம். பேனா வழுக்கிக்கொண்டு ஓடியது. அந்தக் கிழமை ஓர் ஆளும் அகப்படவில்லை. ஏன் எண்ணிக்கை குறைவு என்று கொழும்பிலிருந்து காலையில்தான் தொலைபேசியில் கேட்டிருந்தார்கள். எனக்கு உள்ளுக்குள் சந்தோசம். இன்னொருவருக்கு மூளைக்காய்ச்சல் என்றால் சந்தோசப்படுகிற பிழைப்பு இது, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

முதுகில் ஊசி போடச் சாமான் தட்டு வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து அந்தப் பெண் கண்ணைத் திறந்தார், எழும்பி உட்கார்ந்தார், வெயில் அடிக்கிற ஜன்னல் பக்கம் கழுத்தை நன்றாகத் திருப்பிப் பார்த்தார். “குடிக்கப் பிளேன்டி ஒண்டு கிடைக்குமா? நெல்லக் காயப் போட்டுட்டு வந்த. மழ வரும் போல இரிக்கி” என்றார். சும்மா காய்ச்சல்தான். ஒரு வீண் ஊசி அந்த முதுகில் இறங்கியிருக்கும். ஏன் காக்கா பொய் சொன்னீர்கள் என்று கேட்டேன். அவருக்கு வெட்கமில்லை, குறை முழுக்க என்னில்தான். “எங்கட ஊருக்குக் கடல் வரல்ல தம்பி. ஆனா லிஸ்ட் எழுத வந்தவங்களுக்கு ஓம் எண்டு சொன்னவனுக்கு அங்கயும் கிடைச்ச. உங்களுக்கு எத்தின ஓம் வேணும் எண்டு முதல்லயே சொல்லியிருந்தா, நான் அளவாச் சொல்லியிருப்பன்.”

கையெழுத்து

பாண்டிருப்பைச் சேர்ந்த ஓர் அம்மாவின் மகனுக்குப் பத்தொன்பது வயது. பதினான்கு கேள்விக்கும் அச்சொட்டாகப் பொருந்தினான். இனி ஒரு கையெழுத்துத்தான். டொக்டர் தானே வந்து பொறுமையாக விளங்கப்படுத்தினார்: முதுகில் நீர் எடுத்தால் கால் விளங்காமல் போகாது, எடுக்காவிட்டால்தான் எங்களுக்கு ஒன்றும் விளங்காது. அம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். பேனாவையும் வாங்கினார். கடதாசியைக் கண்டதும் பேனாவை மேசையில் வைத்துவிட்டார். கடதாசியின் மூலையில் ஓர் இலக்கம் அடித்திருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆராய்ச்சிக்கு வராவிட்டாலும் மருந்து உண்டு என்று சொன்னோம், கொடுத்தோம். அவன் பிழைத்து, தன் காலில் நடந்து வீட்டுக்குப் போனான். என்ன கிருமி என்று இன்றைக்கும் யாருக்கும் தெரியாது. என் பதிவில் அவன் ‘மறுத்தவர்’, சிவப்புக் கோடு. காரணம் எழுத ஓர் அங்குல இடம் விட்டிருந்தார்கள். அந்த அம்மா சொன்ன காரணம் அதற்குள் அடங்கவில்லை: “சுனாமிக்குள்ள இப்பிடி நம்பர் அடிச்ச கடதாசியில கையெழுத்து வெச்சித்துத்தான் மூத்தவன்ட உடம்பப் பொறுப்பெடுத்த நான். இவனுக்கு ஒரு கடதாசியிலயும் வைக்க மாட்டன் தம்பி, நீங்க கும்பிட்டுக் கேட்டாலும் வைக்க மாட்டன்.”

ஐஸ் பெட்டி

கொழும்புக்குப் போகிற பெட்டியை நானே கொண்டுபோய் அம்பாறையில் வாகனம் மாற்றி விட வேண்டும். வழியில் சோதனைச் சாவடிகள். ஒவ்வொன்றிலும் இறங்கி, நடந்து, மறுபடி ஏற வேண்டும். ஐஸ் எங்களுக்காகப் பொறுத்திருக்காது. ஒரு நாள் இளம் சிப்பாய் ஒருவர் பெட்டியைத் திறக்கச் சொன்னார். மூன்று மொழியிலும் கடிதம் இருந்தது. அவர் அதை வாசிக்கவில்லை. குழாய் ஒன்றை எடுத்து வெயிலில் தூக்கிப் பிடித்தார்.

அந்தக் குழாய்க்குள் இருந்தது சாய்ந்தமருதுத் தையல்காரர் ஒருவரின் முதுகு நீர். மனிதர் மூன்று நாளாகத் தன் பெயர் என்னவென்று தெரியாமல் வாட்டில் கிடந்தார். நான் என் தலையைத் தொட்டுக் காட்டி, முதுகைத் தொட்டுக் காட்டி, உடைந்த சிங்களத்தில் விளங்கப்படுத்தினேன். பெட்டியின் அடியில் தண்ணீர் வடியத் தொடங்கிவிட்டது. சிப்பாய் குழாயை அங்கும் இங்கும் சரித்துப் பார்த்தார். பிறகு கவனமாகத் திருப்பி வைத்துவிட்டு, அவருக்குத் தெரிந்த தமிழில் கேட்டார்: “மூளைத் தண்ணி இவ்வளவு கிளீனா? அப்ப ஏன் மாத்தையா இந்த நாட்டுல எல்லா ஆளுக்கும் பைத்தியம்?”

கொழும்பிலிருந்து வந்த பெயர்

தையல்காரரின் முடிவு வந்தது. கடிதம் நல்ல தடித்த உறையில், கிருமியின் பெயர் பெரிய எழுத்தில். தையல்காரர் இறந்து, அடக்கி, நாற்பதாம் நாளும் கழிந்திருந்தது. குடும்பத்துக்கு முடிவை அறிவிக்க வேண்டும் என்பது விதி. அறிவித்ததாக ஒரு கட்டத்தில் சரி போட வேண்டும்.

போனேன். அவருடைய மனைவி, புருசன் இறந்தவர் வெளி ஆண்களின் கண்ணில் படாமல் இருக்கிற இத்தாவில் இருந்தபடியால், திரைக்கு அந்தப் பக்கம் இருந்துதான் கதைத்தார். முன்னறையில் தையல் மெசின் துணி போர்த்திக் கிடந்தது. கிருமியின் பெயரை வாசித்து, இன்னதென்று சொன்னேன். நான் போவதற்கு எழும்பியபோதுதான் குரல் வந்தது: “கடைசி மூணு நாளும் அவருக்கு அவர்ட பேர் தெரியல்ல தம்பி. இப்ப கிருமிட பேர் மட்டும் கொழும்பால வந்திரிக்கி.”

தம்பியைத் தெரியும்

யுத்தம் முடிய இன்னும் மூன்று மாதம் இருந்தது. ஒரு பகல், ஜெஸீமா ராத்தா மகளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். ராத்தா என்றால் எங்களுக்கு அக்கா. கடற்கரையிலிருந்து அறுபத்தைந்து மீற்றருக்குள் வீடு இருந்ததால், சுனாமிக்குப் பிறகு அரசாங்கம் அதைத் திரும்பக் கட்ட விடவில்லை. நாலு வருடமாகத் தற்காலிகக் கொட்டிலில் குடியிருப்பு. புருசன் ஆழ்கடல் வள்ளத்தில். மகள்தான் நான் சொன்ன ஸஹ்றா. ஆறு நாளாகக் காய்ச்சல். நேற்றிலிருந்து உம்மாவை அடையாளம் தெரியவில்லை. தலையைத் தூக்கினால் கழுத்து மடங்காமல் முதுகும் சேர்ந்து எழும்பியது.

என்னைக் கண்டதும் ராத்தாவின் முகத்தில் ஒரு மாற்றம். “தம்பிய எனக்குத் தெரியும். நீங்க எழுதினா மறுகா ஒருத்தரும் மாத்த ஏலாது” என்றார். எங்கே கண்டீர்கள் என்று நான் கேட்கவில்லை. புகழ்ச்சி என்று எடுத்துக்கொண்டேன். வயிறு குளிர்ந்துபோய்ப் படிவத்தை விரித்தேன்.

பத்துக் கேள்வியும் நீலத்தில் முடிந்தது. பதினோராவது இது: ‘இதற்கு முன் வேறெங்கேனும் மருந்து, ஊசி முதலியன பெற்றுள்ளாரா?’ இரண்டு நாளுக்கு மேல் வெளியில் ஊசி போட்டவர்களை நாங்கள் எடுப்பதில்லை. மருந்து கிருமியை மறைத்துவிடும். அந்தக் காரணத்தை நான் ஒரு நாளும் யாருக்கும் சொன்னதில்லை. படிவத்தில் கேள்வி இருந்தது, காரணம் இருக்கவில்லை. அநேகம் பேர் அந்த இடத்தில்தான் விழுவார்கள். அதனால் பதினோராம் கேள்வி வந்ததும் சிவப்புப் பேனாவின் மூடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்வது என் வழக்கம். அன்றைக்கும் கழற்றினேன். ராத்தா பேனாவைப் பார்த்தார். மகளின் முகத்தைப் பார்த்தார். “இல்ல தம்பி. எங்களுக்கு எங்கயும் ஒண்டும் கிடைக்கல்ல.”

சுத்தமான படிவம்

கெட்ட கிருமி இருந்தால் முதுகு நீர் அரிசி கழுவின தண்ணீர் மாதிரி கலங்கி வரும். சாதாரண வைரஸ் என்றால் தெளிவாக இருக்கும், அது அநேகமாகத் தானே குணமாகிவிடும். ஸஹ்றாவின் நீர் தெளிவாகத்தான் வந்தது. வந்த நேரமே தொடங்கிய ஊசி மருந்தைத் தொடர்வதா விடுவதா என்று டொக்டர் இரண்டு நாள் யோசித்தார். ஆய்வுகூடத்தில் கிருமி ஒன்றும் முளைக்கவில்லை. என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்: “வெளியில ஊசி ஒண்டும் போடேல்லத்தானே? வடிவாக் கேட்டனீங்களா?”

“வடிவாகக் கேட்டேன் சேர். ஒன்றும் இல்லை.”

ஊசி போட்டிருக்காத பிள்ளைக்கு நீர் தெளிவாக இருந்தால் அது வைரஸ்தான். கணக்குச் சரி. அந்தச் சின்னக் கையில் குத்த நரம்பு தேடி நேர்ஸ்மார் படுகிற பாட்டையும் பார்த்துக்கொண்டிருந்தோம். டொக்டர் மருந்தை நிறுத்தினார். என் படிவத்தை ஒருமுறை புரட்டிப் பார்த்தார். அடித்தல் திருத்தல் இல்லை, கட்டம் ஒன்றும் காலி இல்லை. என் தோளில் தட்டினார். “எல்லாரும் உங்களை மாதிரி விசாரிச்சு எழுதினா, தம்பி, எங்கட வேலை எவ்வளவு லேசு.”

துண்டு

இரண்டு நாளில் ஸஹ்றாவுக்கு வலிப்பு வந்தது. காலை நேரம். வாட்டுக்குள் நான் இன்னொருவரிடம் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தேன். கட்டில் கம்பிகள் அதிர்கிற சத்தம் கேட்டுத் திரும்பினால், பிள்ளையின் கண் மேலே செருகிப்போய், கை கால் விட்டு விட்டு இழுத்தது. டொக்டர் ஓடி வந்தார். வலிப்பை நிறுத்திவிட்டு, ராத்தாவின் பக்கம் திரும்பி, எதையும் மறைக்க வேண்டாம், வெளியில் ஏதாவது கொடுத்ததா என்று மறுபடி கேட்டார். ராத்தா கைப்பைக்குள் இருந்து நாலாக மடித்த துண்டு ஒன்றை எடுத்து நீட்டினார். தனியார் டிஸ்பென்சரித் துண்டு. நாலு நாள், காலையும் மாலையும் ஊசி. அரைவாசிக் கிருமியைக் கொன்று, மீதியை ஒளித்து வைக்கப் போதுமான மருந்து. நாங்கள் நிறுத்தியதும் அந்த மீதி எழும்பிவிட்டது.

டொக்டர் யாரையும் ஏசவில்லை. மருந்தைத் திரும்பத் தொடங்கச் சொன்னார். என்னைப் பார்க்காமலே போனார். எனக்கு வந்த கோபத்தை நான்தான் அந்த உம்மாவின் தலையில் கொட்டினேன். “நான் கேட்டேனே ராத்தா! கேள்வி விளங்கவில்லையா? ஏன் இல்லை என்று சொன்னீங்க?” என்று வாட்டே திரும்பிப் பார்க்கக் கத்தினேன்.

அவர் கத்தவில்லை. “கேள்வி நல்லா விளங்கிச்சி” என்றார். “சுனாமிக்குப் பொறவு பள்ளிக்கூடத்துல கிடக்கக்குள்ள கூரைத் தகரத்துக்கு லிஸ்ட் எழுதின. வேற இடத்துல ஏதும் கிடைச்சதா எண்டு இதே கேள்விதான் கேட்ட. ரெண்டு தறப்பாள் கிடைச்ச எண்டு உள்ளதச் சொன்ன நான். சிவப்புப் பேனையால வெட்டிப் போட்ட. மழைக்குள்ள இவள ரெண்டு வயசுப் புள்ளையா இடுப்புல வெச்சிக்கிட்டு அந்தத் தறப்பாளுக்குக் கீழதான் இருந்த நாங்க. வெட்டின ஆள் நீங்கதான் தம்பி.”

இரண்டாம் கோடு

எனக்கு அந்த முகம் நினைவில்லை. எத்தனையோ பெயரை வெட்டினேன், எந்த முகமும் நினைவில்லை. நினைவிருப்பது வேறொன்று. என் குடும்பமும் அதே பள்ளிக்கூட முகாமில்தான் கிடந்தது. வேறொரு நிறுவனத்தார் வந்து கேட்டபோது, என் உம்மா புதுப் பானைப் பெட்டியைச் சுவரோடு தள்ளி, மேலே பாயைப் போர்த்திவிட்டு, ‘எங்களுக்கு எங்கயும் ஒண்டும் கிடைக்கல்ல’ என்று சொன்னார். சொல்லுக்குச் சொல் அதே பதில். நான் பக்கத்தில்தான் நின்றேன், வாய் திறக்கவில்லை. பொய் சொன்னவர்களின் பெயர் எல்லாம் பட்டியலில் நின்றது. நான் வெட்டியது உண்மை சொன்னவர்களைத்தான். இந்தக் கரைக்கு அந்தப் பாடத்தைப் படிப்பித்தவர்களில் நானும் ஒருவன். ஜெஸீமா ராத்தா அதே பதிலைத் திருப்பிச் சொன்னபோது, ஊரில் வேறு யாருக்குக் கேட்காவிட்டாலும் எனக்குக் கேட்டிருக்க வேண்டும்.

படிவத்தைத் திருத்தினேன். பதினோராம் கேள்வி: ஆம், நாலு நாள். கொழும்புக்குத் தொலைபேசி எடுத்தேன். மூன்று மாதம் வரைக்கும் வீட்டுக்குப் போய்ப் பார்ப்பது, வருத்தம் கண் காதைக் கெடுத்ததா என்று சோதிப்பது எல்லாம் ஆராய்ச்சியில் உள்ளவர்களுக்குத்தான். இந்தப் பிள்ளையை மட்டும் விட்டு வைக்க முடியாதா என்று கெஞ்சினேன். மறுமுனையில் இருந்தவர் மரியாதையானவர். மிகவும் கவலை என்றார், விதி என்றார். ஆகவே அதே குடும்பத்தின் பெயரில் அதே நிறப் பேனாவால் இரண்டாம் முறையும் கோடு போட்டேன்.

சொல்லாமல் விடலாமா என்று யோசித்தேன். அந்தத் துரோகத்தையும் செய்ய மனம் வரவில்லை. கட்டிலடிக்குப் போனேன். ஸஹ்றா கண் திறந்து கிடந்தாள், உம்மாவின் விரலைப் பிடித்திருந்தாள். உயிர் தப்பிவிட்டது. ராத்தா பிள்ளையின் வாயைத் துடைத்துக்கொண்டே நான் சொன்னதைக் கேட்டார். “அப்ப நான் சொன்ன பொய்தான் இவ்வளவு நாளும் இவள உங்கட லிஸ்ட்டில வெச்சிருந்த. என்ன தம்பி?”

பட்டாசு

யுத்தம் முடிந்துவிட்டது என்று றேடியோவில் சொன்ன நாள். சந்திகளில் பட்டாசு. எங்கள் பக்கத்தில் சிலருக்குச் சந்தோசம், சிலருக்குப் பயம். அநேகம் பேர் கதவைச் சாத்திவிட்டு ஜன்னலால் பார்த்தார்கள். பட்டியலில் இருந்திருந்தால் அந்தக் கிழமைதான் ஸஹ்றாவைப் போய்ப் பார்க்க வேண்டிய கிழமை. அட்டையைக் கழற்றி வைத்துவிட்டு, படிவமும் பேனாவும் இல்லாமல், வெறுங்கையோடு கொட்டில்கள் பக்கம் போனேன்.

ஸஹ்றா வாசலில் முதுகைக் காட்டிக்கொண்டு குந்தியிருந்தாள். மணலில் சிப்பிகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தாள். கொஞ்சம் மெலிவு, மற்றபடி நல்ல பிள்ளை. நான் கூப்பிட வாயெடுத்த நேரம், தெரு ஒழுங்கை முனையில் யாரோ ஒரு சரம் பட்டாசைக் கொளுத்திப் போட்டான். கோழிகள் கூரைக்குப் பறந்தன. கட்டி நின்ற ஆடு கயிற்றை அறுக்கப் பார்த்தது. நான் இரண்டு காதையும் பொத்திக்கொண்டேன். ஸஹ்றா அடுத்த சிப்பியை எடுத்து, மண்ணை ஊதிவிட்டு, வரிசையில் வைத்தாள்.

சரம் வெடித்து முடிந்தது. பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். மறுபடியும் கூப்பிட்டேன். என் நிழல் சிப்பிகளின் மேல் விழுந்த பிறகுதான் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். அந்த மணலிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஏதாவது சொல்ல வேண்டும். மன்னிப்புக் கேட்க வேண்டும். ஜெஸீமா ராத்தா கொட்டில் கம்பத்தில் சாய்ந்து நின்று என்னைப் பார்த்தார். ஏசுவார் என்று காத்திருந்தேன், ஏசினால் நல்லது என்றும் இருந்தது. அவர் ஏசவில்லை. அவருக்கு அதைவிட அவசரமான வேலை இருந்தது. “தம்பி, அடுத்த மாசம் காது கேக்காத புள்ளைகளுக்கு மெசின் குடுக்க லிஸ்ட் எழுத வாறாங்களாம். முந்தி எங்கயும் காட்டினயா, ஏதும் கிடைச்சதா எண்டு கேப்பாங்க. ஓம் எண்டு சொல்லவா, இல்ல எண்டு சொல்லவா? நீங்க வெட்டுற ஆள், உங்களுக்குத்தானே தெரியும்.”

இத்தனை வருடம் கேள்வி கேட்டே சாப்பிட்டவன், என்னிடம் கேட்கப்பட்ட அந்த ஒரு கேள்விக்கு, ‘முதலில் அவர்களின் கையில் இருப்பது என்ன நிறப் பேனா என்று பாருங்க ராத்தா’ என்றுதான் சொன்னேன் அன்பர்களே, என் தொழிலில் நான் கற்றது மொத்தமும் அவ்வளவுதான்.